ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா? முருங்கைக்கீரையில் கவனம்!

தாராபுரம், மூலனூர் வட்டாரம் முருங்கைக்குப் பேர்போனது. அங்கே கீரைப் பொரியல் அன்றாடச் சாப்பாடு. ஆனால், இதயத் துடிப்பு சீராக இல்லாமல் மாத்திரை எடுப்பவர் வீட்டில் ஒரு கேள்வி வரும்: இந்தக் கீரையைச் சாப்பிடலாமா, கூடாதா?

சாப்பிடலாம். அளவுதான் திடீரென மாறக் கூடாது.

'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற பாதிப்பில் இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் படபடக்கும். அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த அபாயம் மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம். அதைத் தடுக்கவே வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற மாத்திரைகள்.

கீரைக்கும் மாத்திரைக்கும் என்ன தொடர்பு?

ரத்தம் உறைய வைட்டமின் கே தேவை. இந்த மாத்திரைகள் அதன் வேலையைத் தடுக்கின்றன. முருங்கை இலையிலோ வைட்டமின் கே ஏராளம். திடீரென நிறையச் சாப்பிட்டால் மருந்தின் வேகம் குறையும். அடியோடு நிறுத்தினால் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும் இதே சிக்கல்தான். முருங்கை இலைப் பொடி, கேப்ஸ்யூல் ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

'ஐ.என்.ஆர்' ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் பார்த்துவிடுங்கள்.

அபிக்ஸாபான், டாபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகளுக்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். சிறுநீரகப் பரிசோதனையும் அவசியம்.

மறக்கக் கூடாதவை

* விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து, மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.
* நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ரத்தக்கசிவு அபாயம் கூடும்.
* பல் பிடுங்கும் முன், வேறு டாக்டரிடம் போகும்போது, இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லுங்கள்.

மலம் கறுப்பாகப் போவது, நிற்காத ரத்தம், தலையில் அடி, முகம் கோணுவது, பேச்சு குழறுவது... இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மாத்திரைச் சீட்டை போட்டோ எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்திருங்கள். அவசரத்தில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.