கயிறு வேண்டாம், ஐஸ் கோடாரி வேண்டாம்... ஆனாலும் கிளிமஞ்சாரோ பலரைப் பாதியிலேயே திருப்பி அனுப்புவது ஏன்?

'மலையேற்றப் பயிற்சியே இல்லாதவர்கூட நடந்தே உச்சியைத் தொட்டுவிடலாம்.' ஆப்பிரிக்காவின் மிக உயரமான மலையான கிளிமஞ்சாரோ பற்றி அதிகம் சொல்லப்படும் வாசகம் இதுதான். இதில் பொய் இல்லை. வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏற வேண்டிய இடம் எதுவும் கிடையாது.

அப்போ ரொம்ப ஈஸிதானே? அங்கேதான் சிக்கல். மாரத்தான் ஓடும் அளவுக்கு உடல் தகுதியுள்ள இளைஞர்கள்கூட உச்சிக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது தலைவலியும் வாந்தியுமாகத் திரும்பி வருகிறார்கள். உயிரிழப்புகளும் நடக்கின்றன. காரணம் என்ன? எந்தப் பாதையில், எத்தனை நாளில் ஏறுவது சரி? குறைந்த விலை பேக்கேஜுக்குப் பின்னால் இருப்பது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

கிளிமஞ்சாரோ எங்கே இருக்கிறது?

தான்சானியாவின் வடகிழக்கில், கென்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உயரம் 5,895 மீட்டர். எவரெஸ்ட் மலையின் நேபாளப் பக்க அடிவார முகாம்கூட சுமார் 5,360 மீட்டர்தான் என்றால், இந்த உயரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

இது மலைத்தொடரின் ஒரு பகுதி அல்ல. சமவெளியில் தனித்து நிற்கும் எரிமலை. கிபோ, மாவென்சி, ஷிரா என மூன்று எரிமலைக் கூம்புகள் கொண்டது. உச்சி இருப்பது கிபோவில். அந்த உச்சியின் பெயர் 'உஹுரு'. சுவாஹிலி மொழியில் 'விடுதலை' என்று பொருள். ஜெர்மன் ஆட்சிக் காலத்தில் ஜெர்மன் பேரரசரின் பெயரைத் தாங்கியிருந்த உச்சி இது. 1889-ல் ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர் ஆகிய இருவரும் முதன்முதலில் இதை எட்டியதாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது.

தனியாகப் போக முடியுமா?

முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் மேலே ஏற பூங்கா நிர்வாகம் அனுமதிப்பதில்லை. வழிகாட்டி, உதவி வழிகாட்டி, சமையல்காரர், சுமை தூக்கும் 'போர்ட்டர்'கள் என ஒரு படையே கூட வரும். நான்கு பேர் மலையேறினால், அவர்களுக்காக ஏறுபவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருப்பது சாதாரணம்.

என்னென்ன பாதைகள் உள்ளன?

மராங்கு: இரவில் குடில்களில் படுக்கை வசதி உள்ள ஒரே பாதை. ஏறுவதும் இறங்குவதும் ஒரே வழி. 'கோகோ கோலா ரூட்' என்ற செல்லப்பெயர் உண்டு.

மச்சாமே: கூடாரத்தில்தான் தங்க வேண்டும். கொஞ்சம் கடினம் என்பதால் 'விஸ்கி ரூட்'. அதிகம் பேர் செல்லும் பாதைகளில் ஒன்று.

லெமோஷோ: மேற்கிலிருந்து தொடங்கும் நீளமான பாதை. உடல் பழகுவதற்கு அதிக நேரம் கிடைக்கும்.

ரோங்காய்: கென்ய எல்லைப் பக்கம், வடக்கிலிருந்து ஏறுவது. மழை குறைவான பக்கம்.

இவை தவிர, செங்குத்தான உம்ப்வே, மலையின் வடபுறத்தைச் சுற்றிவரும் 'நார்தர்ன் சர்க்யூட்' ஆகிய பாதைகளும் உள்ளன.

மேலே போகப் போக உடலுக்குள் என்ன நடக்கிறது?

உச்சியில் ஆக்சிஜன் சதவீதம் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கடற்கரையிலும் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். உஹுரு உச்சியில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குப் போகும் ஆக்சிஜன் பாதியாகிவிடுகிறது.

உடல் இதைச் சமாளிக்க வேகமாக மூச்சு வாங்கும். அப்படி வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி, ரத்தத்தின் அமில-காரச் சமநிலை மாறும். உடனே மூளை, 'மூச்சைக் குறை' என்று பிரேக் போடும். சிறுநீரகங்கள் கூடுதல் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்தால்தான் அந்த பிரேக் விலகும். அதற்குச் சில நாட்கள் ஆகும். ரத்த சிவப்பணுக்கள் கணிசமாகக் கூடுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும்.

இந்த வேலையை ஜிம்மில் செய்துவைத்துவிட்டு வர முடியாது. தசை வலிமைக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. சொல்லப்போனால், உடல் தகுதி அதிகமுள்ளவர்கள் வேகமாக ஏறி முதலில் மாட்டிக்கொள்வதும் உண்டு. வழிகாட்டிகள் வழி நெடுக 'போலே போலே' என்று சொல்வது இதனால்தான். சுவாஹிலியில் 'மெல்ல மெல்ல' என்று அர்த்தம். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

5 நாளா, 8 நாளா? எது சரி?

பயணத்தின் வெற்றியைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான்.

உயரமலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட ஒரு விதி உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும்.

இப்போது மராங்கு பாதையின் 5 நாள் திட்டத்தைப் பாருங்கள். முதல் இரவு மண்டாரா, சுமார் 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரோம்போ, 3,720 மீட்டர். மூன்றாம் நாள் கிபோ குடில், 4,720 மீட்டர். அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். தினமும் ஆயிரம் மீட்டர் ஏற்றம். அதாவது விதி சொல்வதைப் போல இரண்டு மடங்கு. குடிலும் படுக்கையும் இருப்பதால் 'சுலபமான பாதை' என்று பெயர் வாங்கிய இடத்திலேயே பலர் தோற்பது இதனால்தான்.

அதே மராங்குவில் ஹொரோம்போவில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கும் 6 நாள் திட்டம் இதைவிட நல்லது. மச்சாமேயில் 7 நாள், லெமோஷோவில் 8 நாள் என்றால் இன்னும் நல்லது. முதலில் அருகிலுள்ள 4,566 மீட்டர் உயர மேரு மலையில் ஏறி, உடலைப் பழக்கிக்கொண்டு கிளிமஞ்சாரோவுக்கு வருபவர்களும் இருக்கிறார்கள்.

7 நாள் மச்சாமே பயணம் எப்படி இருக்கும்?

நாள் 1: சுமார் 1,800 மீட்டரில் உள்ள நுழைவாயிலில் சுமைகளை எடை போட்டு, பதிவு செய்துவிட்டு மழைக்காட்டுக்குள் நடை. இரவு மச்சாமே முகாம், சுமார் 2,835 மீட்டர்.

நாள் 2: மரங்கள் குட்டையாகி, புதர்க்காடு தொடங்கும். இரவு ஷிரா முகாம், சுமார் 3,840 மீட்டர்.

நாள் 3: மிக முக்கியமான நாள். 4,600 மீட்டருக்கு மேலுள்ள 'லாவா டவர்' பாறை வரை ஏறி, அங்கே சாப்பிட்டுவிட்டு, சுமார் 3,960 மீட்டரில் உள்ள பாராங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்க வேண்டும். 'உயரத்தில் நட, தாழ்வில் தூங்கு' என்பதுதான் இதன் சூத்திரம். பலருக்கு முதல் தலைவலி வருவதும் இங்கேதான்.

நாள் 4: கையையும் ஊன்றி ஏற வேண்டிய பாராங்கோ சுவர். பார்க்கப் பயமாக இருக்கும், கயிறு தேவையில்லை. இரவு கரங்கா முகாம், சுமார் 4,000 மீட்டர்.

நாள் 5: சுமார் 4,670 மீட்டரில் உள்ள பராஃபு முகாம். 'பராஃபு' என்றால் பனிக்கட்டி. சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு மாலையிலேயே படுத்துவிட வேண்டும்.

நாள் 6: உச்சி, பிறகு ம்வேகா முகாம் வரை இறக்கம்.

நாள் 7: காட்டு வழியாக ம்வேகா நுழைவாயில். சான்றிதழ் கிடைப்பது இங்கேதான்.

6 நாள் மச்சாமே பேக்கேஜில் கரங்கா இரவை வெட்டிவிடுவார்கள். கூட்டத்தில் ஒரு நாள் குறைவது பெரிய விஷயமாகத் தெரியாது, பராஃபுவில் தெரியும்.

நள்ளிரவில் ஏன் கிளம்ப வேண்டும்?

உச்சிக்குப் போகும் சரிவு முழுக்கச் சரளைக் கல். இரவுக் குளிரில் அது இறுகியிருப்பதால் கால் வழுக்குவது குறைவு. பகலில் மேகம் சூழ்ந்துவிடும் என்பதும் ஒரு காரணம். நள்ளிரவு வாக்கில் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பினால், விடியும் நேரத்தில் எரிமலை வாயின் விளிம்பான ஸ்டெல்லா பாயின்டை அடையலாம். அங்கிருந்து உஹுருவுக்குச் சுமார் ஒரு மணி நேரம்.

வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போகும். காற்றடித்தால் இன்னும் மோசம். தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், செல்போன் பேட்டரி சட்டென இறங்கிவிடும். இரண்டையும் சட்டைக்குள் உடலோடு வைத்துக்கொள்வதுதான் வழி.

அந்த ஒரே நாளில் சுமார் 1,200 மீட்டர் ஏறி, பிறகு ஏறக்குறைய 2,800 மீட்டர் இறங்க வேண்டும். உச்சியைத் தொட்டதும் சக்தி தீர்ந்துபோனால், இறக்கத்தில்தான் முழங்காலும் கணுக்காலும் அடிவாங்கும்.

எப்போது திரும்பியே ஆக வேண்டும்?

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை பலருக்கும் வரும். அப்போது மேலே ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். குறையாமல் கூடினால் இறங்க வேண்டும்.

இரண்டு நிலைகள் உயிருக்கே ஆபத்தானவை. ஒன்று, நுரையீரலில் நீர் கோத்தல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும், இருமல் வரும், சளி நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். இன்னொன்று, மூளை வீக்கம். குடித்தவர் போல நடை தள்ளாடும், பேச்சு குழறும், குழப்பம் வரும். குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க முடியவில்லை என்றால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டுக்கும் முதல் சிகிச்சை ஒன்றுதான்: இரவோ பகலோ, உடனே கீழே இறக்குவது.

'டயமாக்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரகத்தின் அந்தப் பழகும் வேலையைச் சற்று வேகப்படுத்தும். ஆனால் அது வேகமாக ஏறுவதற்கான லைசென்ஸ் இல்லை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம்.

ஆபத்தான இன்னொரு விஷயம், அறிகுறியை மறைப்பது. 'இவ்வளவு பணம் கட்டிட்டோமே' என்று தலைவலியை வழிகாட்டியிடம் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. திரும்பச் சொல்லும் அதிகாரம் வழிகாட்டிக்கு இருக்கிறது. அதை அவர் பயன்படுத்த, உண்மை அவருக்குத் தெரிய வேண்டும்.

செலவு எவ்வளவு? மலிவான பேக்கேஜில் என்ன பிரச்னை?

அண்மை ஆண்டுகளில் வெளிநாட்டவருக்கான பூங்காக் கட்டணம் ஒரு நாளுக்கு 70 டாலர், கூடாரத்தில் தங்க ஓர் இரவுக்கு 50 டாலர், மீட்புக் கட்டணம் 20 டாலர். இவற்றுக்கு மேல் 18 சதவீத வரி. கட்டணம் மாறக்கூடியது என்றாலும், இந்தக் கணக்குப்படி 7 நாள் பயணத்துக்கு அரசுக்குச் செல்வது மட்டுமே ஏறக்குறைய 950 டாலர்.

இப்போது யாராவது 1,200 டாலருக்கு 7 நாள் பயணம் தருவதாகச் சொன்னால், மிச்சம் 250 டாலர். அதில் சாப்பாடு, போக்குவரத்து, கூடாரம், வழிகாட்டி, சமையல்காரர், போர்ட்டர்கள் எல்லோருக்கும் கூலி, நிறுவனத்தின் லாபம். எங்கே வெட்டுவார்கள்? பூங்காக் கட்டணத்தில் வெட்ட முடியாது. அடி விழுவது போர்ட்டரின் கூலியிலும், அவருடைய சாப்பாட்டிலும், அவசர ஆக்சிஜன் சிலிண்டரிலும்தான்.

ஒரு போர்ட்டர் தூக்க வேண்டிய சுமைக்கு 20 கிலோ என வரம்பு உள்ளது. நுழைவாயிலில் எடை போடுவது அதற்காகத்தான். ஆனாலும் பழைய ஷூ, மெல்லிய ஜாக்கெட்டோடு இந்தச் சுமையைத் தலையில் வைத்து, வாடிக்கையாளருக்கு முன்பே முகாமுக்குப் போய் கூடாரம் அடிப்பவர்கள் பலர். உயர நோயும் குளிரும் அவர்களையும் விடாது. இந்தத் தொழிலாளர்களின் நிலையைக் கண்காணிக்க 'கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் புராஜெக்ட்' என்ற அமைப்பு செயல்படுகிறது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• போர்ட்டருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு, எத்தனை வேளை சாப்பாடு?
• டிப்ஸ் தொகை எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கப்படுமா?
• ஆக்சிஜன் சிலிண்டரும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் குழுவோடு உச்சிவரை வருமா?
• ஒருவர் திரும்ப நேர்ந்தால், அவரோடு இறங்கத் தனி வழிகாட்டி உண்டா?
• பயணக் காப்பீடு 6,000 மீட்டர் வரையிலான மலையேற்றத்தையும் மீட்பையும் ஏற்கிறதா?

எப்போது போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். மார்ச் நடுவிலிருந்து மே வரை நீண்ட மழை, நவம்பரில் குறுகிய மழை.

பலர் அவசரப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1912-ல் அளவிடப்பட்ட உச்சிப் பனியில் 80 சதவீதத்துக்கும் மேல் இப்போது இல்லை. எஞ்சியதும் 2050-க்குள் மறைந்துவிடலாம் என யுனெஸ்கோ 2022-ல் எச்சரித்தது. பனி போவதற்குள் பார்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த அவசரத்தை மலைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. கையில் இருக்கும் பணத்துக்குக் குறைந்த நாள் பயணம்தான் கிடைக்கிறது என்றால், கூடுதலாக இரண்டு நாளுக்குச் சேர்த்துக்கொண்டு அடுத்த ஆண்டு போவதே புத்திசாலித்தனம்.