கையில் ரிவால்வர் இருக்கா? வீட்டுக்குள் தோட்டா வேண்டாம் பாஸ்!

2022 ஜனவரியில் பெரம்பலூர் மாவட்டம் மருதடி ஈச்சங்காட்டில் ஒரு வீட்டின் கூரையைத் துப்பாக்கிக் குண்டு துளைத்ததாகச் செய்தி வந்தது ஞாபகம் இருக்கா? அருகில்தான் நாரணமங்கலம் துப்பாக்கி சுடும் தளம். அதற்குச் சில நாள்கள் முன்புதான் புதுக்கோட்டை நார்த்தாமலையில், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்து உயிரிழந்திருந்தான். அதுவும் பயிற்சித் தளத்திலிருந்து பறந்து வந்த குண்டு.

மேடு, மறைப்பு எல்லாம் வைத்துக் கட்டிய தளத்துக்கே இந்த நிலைமை. 'நம்ம மொட்டை மாடியில நாலு ரவுண்டு சுட்டுப் பழகினா என்ன?' என்று லைசென்ஸ் வைத்திருக்கும் யாராவது கேட்டால், இந்த இரண்டு ஊர்களையும் சொல்லுங்கள். சின்ன .22 தோட்டாகூட தடையில்லாமல் போனால் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டும். அலட்சியமாகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2019 சட்டத் திருத்தப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, சட்டப்படி லைசென்ஸ் வாங்கியாச்சு. அப்பாவோ சித்தப்பாவோ குவாரி, நகைக்கடை என்று தொழில் காரணமாக ஒன்று வைத்திருக்கிறார். எந்தத் தோட்டா வாங்குவது?

யூடியூபில் அமெரிக்கர்கள் இருபது வகையை அடுக்கி வைத்துப் பேசுவார்கள். இங்கே கதை வேறு. .38, 9 எம்.எம் எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். சாமானியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 அல்லது .22. கான்பூரில் தயாராகி 2014-ல் வந்த 'நிர்பீக்' ஆறு தோட்டா பிடிக்கும் .32 ரிவால்வர், எடை சுமார் 500 கிராம். 2016-ல் வந்த 'நிடர்' இன்னும் குட்டி. சுமார் 250 கிராம்தான், எட்டு தோட்டா, .22.

இங்கேதான் பலர் கோட்டை விடும் இடம். '.32' என்று சொன்னால் இரண்டு தோட்டாக்கள் இருக்கின்றன. ஒன்று ரிவால்வருக்கான .32 லாங். இன்னொன்று பிஸ்டலுக்கான 7.65 எம்.எம், அதையும்.32 என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களுக்குள் நுழைந்தும் விடும். ஆனால் அதன் அழுத்தம் அதிகம். நுழையுது என்பதற்காகச் சுடக் கூடாது. கடையில் "ரிவால்வர் லாங்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் குழல் மேல் பொறித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, குட்டைக் குழல். மருந்து முழுசாக எரியும் முன்பே குண்டு வெளியேறி விடுகிறது. மிச்சம் வெளியே எரிவதால்தான் அந்தப் பெரிய தீப்பிழம்பு, காதைக் கிழிக்கும் சத்தம். குண்டின் வேகமும் குறையும். நுனியில் குழி வைத்த குண்டு உடம்பில் விரிய வேகம் வேண்டும். குட்டைக் குழலில் அது பல நேரம் விரியாமலே போகும். அதனால் 'பவர்' தேடி அலைவதைவிட, உங்கள் துப்பாக்கியில் தடங்கலில்லாமல் வெடிக்கிற, உதறலைக் கை தாங்குகிற ஒரே ரகத்தில் நிலைத்திருப்பது புத்திசாலித்தனம். எடை குறைந்த துப்பாக்கி என்றால் உதறல் கூடத்தான் செய்யும்.

பீரோவில் பத்து வருஷமாகக் கிடக்கும் தோட்டாவா? சுடும் தளத்தில் 'டிக்' என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடமாவது வைத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். 'புஸ்' என்று பலவீனமாகச் சத்தம் வந்தால் அதோடு நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கும். அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம்.

வீட்டில் பழகவே முடியாதா? முடியும், தோட்டா இல்லாமல். தோட்டாக்களை வேறு அறையில் பூட்டுங்கள். உருளையைத் திறந்து எல்லாத் துளையையும் கண்ணால் பாருங்கள், விரலால் தடவுங்கள். பிறகு இன்னொரு தடவை. மனிதர்கள் இல்லாத பக்கமாக, கனமான சுவரில் ஒரு புள்ளி. ரிவால்வர் டிரிகர் கனமானது, அதை இழுக்கும்போது முனை ஆடும். ஆடாமல் இழுப்பதுதான் பயிற்சியே. பத்து நிமிடம் போதும். பயிற்சி முடிந்ததும் உள்ளே வைத்துவிட வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று லோடு செய்த பிறகு இழுத்தவர்களால்தான் விபத்துகள் நடக்கின்றன. .22 வைத்திருப்பவர்கள் போலித் தோட்டா போடாமல் இழுக்க வேண்டாம், ஊசி அறையின் விளிம்பில் மோதிப் பழுதாகும்.

நிஜமாகச் சுட, பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் திருச்சிக்குத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்காக அஜித் வந்தாரே, அந்த ரைபிள் கிளப்தான். உறுப்பினர் ஆவதற்கான நடைமுறையை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது துப்பாக்கி காலியாக உறையில், தோட்டா தனியாக, லைசென்ஸ் கையில்.

லைசென்ஸுக்கு 21 வயது ஆகணும். அதுவரை ஆசை அடங்காது என்பவர்களுக்கு .177 ஏர் பிஸ்டல் இருக்கிறது. 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. அதையும் கிளப்பிலேயே, கோச் பக்கத்தில் நிற்கும்போது ஆரம்பியுங்கள். கண்ணாடி போட மறக்காதீர்கள், பெல்லட் திரும்பித் தெறிக்கும்.