பாதிக்குச் சற்று மேலே

‘பரிசு’ என்ற சொல் இருந்தால் அது மோசடிக் குறுஞ்செய்தி. இப்படி ஒரு விதியை யாரும் ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். அது சில மோசடிகளைப் பிடிக்கும். பள்ளி ஆண்டு விழாவில் மகள் பரிசு வாங்கியதைச் சொல்லி அத்தை அனுப்பிய செய்தியையும் சேர்த்துப் பிடிக்கும். காசைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்வதைவிட இது கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இதைச் சோனி விதி என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்வதைக் கெட்டி என்போம்.

சோனியைக் கெட்டியாக்க முடியுமா? 1980களின் இறுதியில் ஹார்வர்டில் மைக்கேல் கேர்ன்ஸும் அவருடைய ஆசிரியர் லெஸ்லி வேலியன்ட்டும் இந்தக் கேள்வியைக் கணித வடிவில் எழுப்பினார்கள். பாதிக்குச் சற்று மேலே மட்டுமே சரியாகச் சொல்லத் தெரிந்த ஒரு அல்காரிதம் கையில் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு, நாம் விரும்பும் அளவுக்குத் துல்லியமான ஒன்றைக் கட்ட முடியுமா? முடியாது என்றுதான் நம் மனம் சொல்லும். எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்த ராபர்ட் ஷாபையர், முடியும் என்று நிரூபித்தார். 1990இல் வெளியான அந்த நிரூபணத்தில் எனக்கு மிகப் பிடித்தது, அது வெறும் ‘உண்டு’ என்ற சான்றிதழ் இல்லை என்பது. நிரூபணமே ஒரு செய்முறை. அதைப் படித்தவர் அப்படியே நிரலாக எழுதிவிடலாம்.

இந்தச் செய்முறை எந்த இனத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். சாதாரண அல்காரிதத்துக்கு எண்களைக் கொடுத்தால் வரிசைப்படுத்தும், இரண்டு ஊர்களைக் கொடுத்தால் குறுக்குவழி சொல்லும். இதற்குக் கொடுக்க வேண்டியதோ இன்னொரு அல்காரிதத்தை. அல்காரிதத்தை வாங்கி, அதைவிட நல்ல அல்காரிதத்தைத் திருப்பித் தருகிறது. ‘மேல்’ என்று பொருள்படும் ‘மீ’யைச் சேர்த்து மீ-அல்காரிதம் எனலாம். தான் கையாளும் அல்காரிதத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அது திறந்து பார்ப்பதே இல்லை. குறுஞ்செய்தியா, மருத்துவமனை ஸ்கேனா, குதிரைப் பந்தயமா என்பதும் அதற்குத் தெரியாது. எது சரி, எது தவறு என்ற விடைத்தாள் மட்டும்தான் அதன் கண்ணில் படுகிறது.

விடைத்தாளை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? நம் பள்ளிகளில் இம்போசிஷன் கொடுப்பதைப் போன்ற ஒன்றைச் செய்யும். ஷாபையரும் யோவ் ஃப்ராயிண்டும் ஏ.டி. அண்ட் டி. பெல் ஆய்வகத்தில் 1995இல் உருவாக்கிய அடாபூஸ்ட்டில் இது மிகத் தெளிவாகத் தெரியும். பத்துச் செய்திகளை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எடை, பத்தில் ஒன்று. முதல் சோனி விதி மூன்றில் தவறிவிட்டது. உடனே தவறிய மூன்றுக்கும் எடை கூடி, ஒவ்வொன்றும் ஆறில் ஒன்று ஆகிறது. சரியான ஏழுக்கும் எடை குறைந்து, ஒவ்வொன்றும் பதினான்கில் ஒன்று ஆகிறது. கூட்டிப் பாருங்கள். தவறிய மூன்றும் சேர்ந்து சரிபாதி, சரியான ஏழும் சேர்ந்து சரிபாதி. அதாவது, புதிய எடைகளின்படி முதல் விதியின் மதிப்பு காசு சுண்டுவதற்கு மேல் ஒரு இம்மியும் இல்லை! இப்போது சோனியை மறுபடி கூப்பிட்டு, பாதிக்கு மேல் வாங்கு என்றால், பழைய விதியையே அது திருப்பி ஒப்பிக்க முடியாது. முன்பு கவனிக்காத எதையாவது கவனித்தே ஆக வேண்டும். செய்தியில் இணைப்பு இருக்கிறதா, அனுப்பிய எண் தொடர்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றும் இப்படியே நடக்கிறது.

கடைசியில் எல்லா விதிகளும் வாக்களிக்கின்றன. வாக்குகள் சமமில்லை. பத்து சதவீதம் தவறும் விதியின் வாக்கு, முப்பது சதவீதம் தவறும் விதியின் வாக்கைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். சரியாகப் பாதி தவறுகிற விதிக்கு வாக்கே கிடையாது. பாதிக்கு மேல் தவறுகிற விதிக்கோ எதிர்மறை வாக்கு, ஏனென்றால் அது சொல்வதற்கு நேர்மாறாகச் செய்தாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

ஒவ்வொரு சுற்றிலும் சோனி அறுபது சதவீதம் மட்டும் சரியாகச் சொல்கிறது என்று கொள்வோம். பயிற்சிக்குக் கொடுத்த செய்திகள் 20,000 என்றால், 500 சுற்றுகளுக்குப் பிறகு அவற்றில் ஒன்றுகூடத் தவறாது. இது தேற்றம் தரும் உத்தரவாதம். இந்தக் கணக்கைக் காகிதத்தில் நானே போட்டுப் பார்த்த மாலை, விடை வந்த பிறகும் நம்பாமல் மறுபடி போட்டேன். பயிற்சிச் செய்திகளுக்கு மட்டும்தான் இந்த உத்தரவாதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதுவரை பார்க்காத செய்திகளில் எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. அங்கேயும் ஒரு வியப்பு காத்திருந்தது. பயிற்சியில் தவறு பூஜ்ஜியமான பிறகும் சுற்றுகளை நீட்டினால், புதியவற்றில் தவறு பல நேரங்களில் இன்னும் குறைந்துகொண்டே போனது. வெற்றி உறுதியான பிறகும் வாக்கு வித்தியாசம் ஏறிக்கொண்டே போவதுதான் காரணம் என்று ஷாபையரும் ஃப்ராயிண்டும் இன்னும் இருவரும் 1998இல் விளக்கினார்கள்.

இதற்கு ஒரு நோயும் உண்டு. யாரோ கைதவறி நல்ல செய்திக்கு மோசடி முத்திரை குத்தியிருந்தால், பல சுற்றுகளில் விதிகள் அதில் ‘தவறும்’, அதன் எடை ஏறிக்கொண்டே போகும். தவறுக்கு அழுத்தம் கொடுப்பதே இதன் பலம் என்பதால், அழுக்கான தரவில் அதே பலம் திரும்பிக் கடிக்கிறது.

மீ-அல்காரிதம் என்ற பெயருக்குள் மேற்பார்வை மட்டும் பார்க்கும் வகையும் அடங்கும். டேவிட் மஸ்ஸரின் 1997ஆம் ஆண்டு இன்ட்ரோசார்ட் ஓர் உதாரணம். எண்களை வரிசைப்படுத்தும் டோனி ஹோரின் குவிக்சார்ட் பெரும்பாலும் மின்னல், சில விபரீத வரிசைகளில் ஆமை. அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று இன்ட்ரோசார்ட் கவனித்துக்கொண்டே இருக்கும். பத்து லட்சம் எண்கள் என்றால் சுமார் நாற்பது படி தாண்டியதும் வேலையைப் பிடுங்கி, ஹீப்சார்ட் என்ற இன்னொரு வரிசைப்படுத்தும் அல்காரிதத்திடம் கொடுத்துவிடும்.

மறுபடி அடாபூஸ்ட்டுக்கு வருவோம். அதற்காக ஃப்ராயிண்டுக்கும் ஷாபையருக்கும் 2003இல் கோடெல் பரிசு கிடைத்தது. அதற்குள் அவர்களுடைய அல்காரிதம் கோட்பாட்டுத் தாள்களைத் தாண்டி வெளியே வந்துவிட்டிருந்தது. 2001இல் பால் வியோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் படத்தில் முகத்தைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தினார்கள். 24க்கு 24 புள்ளிகள் கொண்ட சிறு சதுரத்துக்குள் ‘இந்தப் பட்டை அந்தப் பட்டையைவிட இருண்டதா’ என்று கேட்கும் சோனி விதிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் உண்டு. அவற்றிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி எடு என்று அடாபூஸ்ட்டிடம் விட்டார்கள். முகம் என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது முதலில் பொறுக்கிய விதி, கண்கள் இருக்கும் பட்டை அதற்குக் கீழே கன்னத்தின் மேற்பகுதியைவிட இருண்டிருக்கும் என்பது. இரண்டாவதாகப் பொறுக்கியது, இரு கண்களுக்கு நடுவே மூக்குத்தண்டு வெளிறித் தெரியும் என்பது.