இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

முடக்குவாதம் உள்ளவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு மஞ்சள் மாத்திரைகள் இருக்கும். இரண்டுமே சிறியவை, வட்டமானவை. ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், மற்றது ஃபோலிக் அமிலம். நிறத்தில் மட்டுமல்ல, மூலக்கூறின் அமைப்பிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று செய்வதை மற்றது தடுக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டின் சாமர்த்தியமும், வேறு மருந்துகளோடு அதற்கு வரும் மோதல்களில் பலவும் இந்த உருவ ஒற்றுமையிலிருந்துதான் கிளைக்கின்றன.

கிராமத்தில் சரவாங்கி என்று சொல்கிற முடக்குவாதத்தில், கிருமிகளைத் தாக்க வேண்டிய நம் நோயெதிர்ப்பு அணுக்கள் மூட்டின் உள்ளுறையைத் தாக்குகின்றன. விரல் மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்தால் டம்ளரைப் பிடிக்க முடியாது. அந்த அணுக்களை அமைதிப்படுத்துவதுதான் நோயெதிர்ப்பு அடக்கி மருந்துகளின் வேலை. அவற்றில் உலகெங்கும் முதலில் எழுதப்படுவது மெத்தோட்ரெக்ஸேட். அளவு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம். நாளைக்கு அல்ல, வாரத்துக்கு. 15 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ ஒரே ஒரு அரிசி மணியின் எடை. ஏழு நாளுக்கு அது போதும்.

இந்த மருந்தின் கதையில் சென்னை இருமுறை வருகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகைக் கடும் ரத்தசோகைக்குக் காரணம் தேடி 1928இல் பம்பாய் வந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் ஆய்வு செய்தார். 1931இல் சென்னை கோஷா மருத்துவமனையில், இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில், பணியாற்றினார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைப் போக்குவதைக் கண்டறிந்தார். அதற்குள் ஒளிந்திருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இரண்டாம் முறை சென்னையைக் கொண்டுவருபவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதராடை உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியேறி, அமெரிக்கா சென்றார். லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே குழு அதன் போலி உருவங்களையும் செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தற்காலிகமாகத் தணிந்த செய்தி 1948 ஜூனில் வெளியானது. அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். 53 வயது. அமினோப்டெரின் முடக்குவாதத்தையும் தணிக்கிறது என்று 1951இல் தெரிந்தபோது அவர் இல்லை. அதன் அடுத்த வடிவமே மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு அதை அமெரிக்க அரசு அங்கீகரிக்க 1988 வரை ஆனது.

போலி எப்படி வேலை செய்கிறது? அணுக்கள் பெருக டி.என்.ஏ. வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவமான ஃபோலேட் வேண்டும். ஃபோலேட்டைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றித்தரும் நொதி ஒன்று இருக்கிறது (நொதி என்பது உடலின் வேதிவினைகளை முடுக்கும் புரதம்). மெத்தோட்ரெக்ஸேட் அந்த நொதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உண்மையான ஃபோலேட்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இறுக்கமாக. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவில் இது அணுப் பெருக்கத்தையே நிறுத்திவிடும். வாரம் ஓர் அரிசி மணி என்கிற அளவில் முக்கியமாக நடப்பது வேறு: அடினோசின் என்ற பொருள் அணுக்களுக்கு வெளியே சேர்கிறது, அது அழற்சியைத் தணிக்கிறது. புற்றுநோய்க்குப் பிறந்த மருந்து, அளவு குறைந்ததும் வேறொரு வழியில் மூட்டுக்கு உதவுகிறது!

வாரம் ஒருமுறை ஏன்? ரத்தத்தில் இந்த மருந்து சில மணி நேரமே தங்கும். ஆனால் அணுக்குள் நுழைந்ததும் அணு அதற்கு குளுட்டமேட் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக இணைத்து வால் கட்டிவிடுகிறது. வால் நீண்டபின் அணுவை விட்டு எளிதில் வெளியேற முடியாது. வாரக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். இதனால்தான் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மஜ்ஜை முடங்கி உயிராபத்து வந்திருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் அமிலமும் மஞ்சளாக இருப்பதும், ஃபோலிட்ராக்ஸ், ஃபோல்வைட் என்று கடைப் பெயர்களும் ஒரே ஓசையில் தொடங்குவதும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதிக்கொடுக்கும் மருத்துவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இனி மோதல்களுக்கு வருவோம். திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு. மூட்டுநோய் உள்ளவர்களும் வேண்டுதலோடு நடக்கிறார்கள். வியர்வை கொட்டும். வழியில் கழிப்பறை தேட வேண்டுமே என்று பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். மறுநாள் முட்டி விண்விண்ணென்று தெறிக்க, மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இப்போது சிறுநீரகத்தைப் பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டின் பெரும்பகுதி வெளியேறுவது சிறுநீர் வழியாகத்தான். வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. மருந்தை வெளியே தள்ளும் புரதக் கடத்திகளிலும் அதே மாத்திரை போட்டியிடுகிறது. நீர்வறட்சியும் சேர்ந்தால் மெத்தோட்ரெக்ஸேட் உடலில் தேங்குகிறது. மருத்துவரே இரண்டையும் சேர்த்து எழுதுவதுண்டு. சிறுநீரகம் நலமாக இருந்து, ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காக நடந்தால் பெரும்பாலோருக்குத் தொல்லையில்லை. அந்த இரண்டு நிபந்தனைகளையும் கவுன்ட்டரில் வாங்கும் மாத்திரைக்கு யாரும் போடுவதில்லை.

அதைவிட ஆபத்தான சந்திப்பு ஒன்று உண்டு. நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல். பாக்ட்ரிம், செப்ட்ரான் என்றால் எல்லாருக்கும் தெரியும். அதிலுள்ள ட்ரைமெத்தோப்ரிம், மெத்தோட்ரெக்ஸேட் முடக்கும் அதே நொதியைத்தான் பாக்டீரியாவில் முடக்குகிறது. மனித நொதியைவிட பாக்டீரியா நொதியைப் பல்லாயிரம் மடங்கு வலுவாகப் பற்றும்படி அமைந்த நுட்பமான மருந்து அது. தனியாகச் சாப்பிட்டால் நமக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் நம் நொதிதான் ஏற்கெனவே கட்டிப்போடப்பட்டிருக்கிறதே! அந்த நிலையில் ட்ரைமெத்தோப்ரிம் தரும் சிறு அழுத்தமும் தாங்காது. கூடவே, மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீரில் வெளியேறுவதையும் இந்த மருந்து தடுக்கிறது. வெள்ளையணு, சிவப்பணு, தட்டணு மூன்றுமே சரியக்கூடும். பெரும்பாலும் வாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்: நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் புண், ரசம் சோறுகூட எரியும். இதற்கான முறிமருந்தும் ஃபோலேட் குடும்பத்திலிருந்தே வருகிறது. ஃபோலினிக் அமிலம், முடங்கிய நொதியின் தயவே இல்லாமல் அடுத்த படியில் நேராகச் சேர்ந்துகொள்கிறது.

ட்ரைமெத்தோப்ரிம் பிறந்தது ஜார்ஜ் ஹிட்சிங்ஸின் ஆய்வகத்தில். அவரும் கெர்ட்ரூட் எலியனும் 1988இல் நோபல் பரிசு பெற்றார்கள். அசதியோப்ரின் என்ற இன்னொரு நோயெதிர்ப்பு அடக்கியும் அங்கே பிறந்ததுதான். அது உடலில் மெர்காப்டோப்யூரினாக மாறி வேலை செய்யும். சாந்தீன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி அதைச் சிதைக்கும். அந்தச் சிதைவைத் தடுத்து மெர்காப்டோப்யூரினின் பலத்தைக் கூட்டுவதற்காக அவர்கள் சோதித்த பொருள் அலோப்யூரினால். யூரிக் அமிலம் உருவாவதும் அதே நொதியால்தான் என்பதால், அது கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி) மருந்தாகப் புகழ் பெற்றது. இன்று அசதியோப்ரின் சாப்பிடுபவர் யூரிக் ஆசிட் மாத்திரையான அலோப்யூரினாலையும் தொடங்கினால், அன்று அவர்கள் விரும்பித் தேடிய விளைவே விபத்தாக நேர்கிறது. சேர்த்தே ஆகவேண்டும் என்றால் அசதியோப்ரினை ஏறத்தாழக் கால் பங்காகக் குறைப்பார்கள்.

எதிர்த்திசை மோதலும் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை உசுப்பிவிடும். டோஃபாசிடினிப் என்ற புதிய மூட்டு மாத்திரை அப்போது ரத்தத்தில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் இது ஏட்டளவுச் சங்கதி அல்ல.

சீந்தில் கொடியையும் சொல்லியாக வேண்டும். கொரோனா காலத்தில் எதிர்ப்புசக்திக்கென்று வீடுதோறும் அதன் கஷாயம் கொதித்தது. 2021இல் மும்பை மருத்துவர்கள், அதைக் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததைப் பதிவு செய்தார்கள். தன்னெதிர்ப்பு நோய்க்கான அறிகுறிகள் அதில் தெரிந்தன. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று கவனிக்கத்தக்கது: மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைச் சிரமப்படுத்தக்கூடிய மருந்து. எதிர்ப்பை அடக்க ஒரு மாத்திரையும் தூண்ட ஒரு கஷாயமும் சேர்த்துக் குடிப்பது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

தடுப்பூசியோடும் இந்த மருந்து மோதுகிறது. ஊசி வேலை செய்ய நோயெதிர்ப்பு அணுக்கள் விழித்தாக வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் அவற்றைத் தணித்து வைத்திருக்கிறது. கொச்சியில் முடக்குவாத மருத்துவர்கள் கோவிஷீல்டு போட்டுக்கொண்ட நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். ஊசிக்குப் பின் இரண்டு வாரம், அதாவது இரண்டே வேளை மருந்தை நிறுத்தியவர்களுக்கு எதிர்ப்பொருள்கள் கூடுதலாகச் சுரந்தன. ஒவ்வொரு ஊசிக்கும் நிறுத்தியவர்களில் பலருக்கு மூட்டுவலி திரும்பியது. இரண்டாவது ஊசிக்கு மட்டும் நிறுத்தினாலே போதிய பலன் கிடைத்தது.