கருவில் படும் அம்மையும் சிசுவின் மூளையும்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையோடு வந்த 514 குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை ஒன்று 1996-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளியானது. அடிபட்டதால் வந்த புரையை ஒதுக்கிவிட்டு, ஒரு வயது நிரம்பாத குழந்தைகளை மட்டும் பார்த்தால், நான்கில் ஒரு குழந்தைக்குப் புரை வரக் காரணம் ரூபெல்லா. அந்தக் குழந்தைகளுக்கு நோய் பிறந்தபின் வரவில்லை. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் வந்து போன அம்மை அது. பல தாய்மார்களுக்கு அது நினைவில்கூட இருக்காது. ரெண்டு நாள் உடம்பு சுட்டது, லேசாகப் பொரிப்பொரியாகப் போட்டது, வேப்பிலை கட்டினோம், இறங்கிவிட்டது என்பதோடு முடிந்திருக்கும்.

வயிற்றில் இருந்த பிள்ளைக்கு மட்டும் அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம் என்பது பலருக்குத் தெரியும். மூளை என்னவாகிறது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

மூளைக்குள் குடியிருக்கும் எதிர்ப்புச் செல்கள்

நோய் எதிர்ப்புச் செல் என்றால் ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுதான் நினைவுக்கு வரும். மூளைக்கென்றே தனியாக ஒரு வகை உண்டு. அதன் பெயர் மைக்ரோக்ளியா. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் பியோ டெல் ரியோ ஓர்டேகா 1919-இல் இவற்றை அடையாளம் கண்டு பெயரிட்டார். இவை எலும்பு மஜ்ஜையில் பிறப்பவை அல்ல என்பதை 2010-இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே, அதை ஒட்டியுள்ள கருவுணவுப் பையில் தோன்றி, மூளைக்குள் நுழைந்து, அங்கேயே பெருகி, ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகின்றன. மனிதக் கருவிலும் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே இவை மூளைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. அதாவது, ஒரு பெண் தான் கர்ப்பம் என்பதை உறுதிசெய்துகொண்டு வீட்டில் சொல்லும் காலத்திலேயே பிள்ளையின் மூளையில் இவற்றின் வேலை தொடங்கிவிடுகிறது.

கிருமியை விழுங்குவதும் இறந்த செல்லை அப்புறப்படுத்துவதும் மட்டுமே இவற்றின் வேலை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2007-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பெத் ஸ்டீவன்ஸும் பென் பாரஸும் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றத் தொடங்கியது.

நரம்பிணைப்புகளின் கவாத்து

நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்பைச் சினாப்ஸ், அதாவது நரம்பிணைப்பு என்கிறோம். குழந்தையின் மூளை தேவைக்கு மேல் பல மடங்கு இணைப்புகளை உண்டாக்கிவிட்டு, பிறகு குறைக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் இதை விளக்கவே வேண்டாம். கவாத்து பண்ணாத செடியில் இலைதான் மண்டும், பூ இருக்காது.

மூளையில் அந்தக் கவாத்தைச் செய்வதில் பெரும்பங்கு மைக்ரோக்ளியாவுக்கு. எதை வெட்டுவது, எதை விடுவது என்பதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ரத்தத்தில் கிருமிகளின்மேல் ஒட்டிக்கொண்டு ‘இதை அழி’ என்று காட்டிக்கொடுக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் சில உண்டு. அவற்றில் சி1க்யூ, சி3 ஆகிய இரண்டும் வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளின்மேல் போய் ஒட்டுகின்றன. மைக்ரோக்ளியா அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு இணைப்பை விழுங்குகிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையை எலிக்குட்டிகளில் ஆராய்ந்து டோரதி ஷேஃபர் 2012-இல் இதை நேரடியாகக் காட்டினார். எந்தக் கண்ணின் இணைப்பு குறைவாக வேலை செய்கிறதோ, அதுவே அதிகம் விழுங்கப்படுகிறது.

கிருமியை ஒழிக்க உடம்பு வைத்திருக்கும் அதே கருவி, பிள்ளையின் மூளையை உருவாக்கவும் பயன்படுகிறது. எனக்கு இது பெரும் வியப்பு. அதே அளவுக்குக் கவலையும்கூட. கருவிலேயே ஒரு தொற்று வந்துவிட்டால், இரண்டு வேலையும் ஒரே செல்லின் தலையில் விழுகிறது.

ரூபெல்லா தேடிப் போகும் செல்

2023-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வகத்தில் வைத்த மனித மூளைத் திசுவில் ரூபெல்லா வைரஸை விட்டுப் பார்த்தார்கள். அது பெரும்பாலும் தொற்றியது மைக்ரோக்ளியாவைத்தான். ரூபெல்லா ரத்தக் குழாய்களையும் நஞ்சுக்கொடியையும் கெடுப்பதும் உண்மை. ஆனால் மூளையைக் கவாத்து செய்ய வேண்டிய செல்லுக்குள்ளேயே வைரஸ் புகுந்துவிடுகிறது என்பது பழைய கேள்வி ஒன்றுக்குப் புதுவழி திறக்கிறது. கருவில் ரூபெல்லா தாக்கிய குழந்தைகளிடம் ஆட்டிசம் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக இருப்பதை 1971-இலேயே நியூயார்க்கில் மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ் பதிவு செய்திருந்தார். ஏன் என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. தேட வேண்டிய இடங்களில் ஒன்று இப்போது தெரிந்திருக்கிறது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள். ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. பெரிய பெரிய ஆய்வுகள் அதைப் பொய்யென்று காட்டிவிட்டன. உண்மை நேர் எதிராக இருக்கிறது: ஆட்டிசத்தோடு தொடர்புள்ளது கருவில் படும் நோய், அந்த நோயைத் தடுப்பது ஊசி.

வெள்ளைக் கண்மணியைக் கண்டால்

கைக்குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம்; அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். “கொஞ்சம் பெரிசாகட்டும், பிறகு ஆபரேஷன் பண்ணலாம்” என்று பாசத்தால் தள்ளிப்போடுவதே நம் வீடுகளில் வழக்கம். பார்வைக்கான இணைப்புகள் முதல் மாதங்களிலேயே செதுக்கப்படுகின்றன. வெளிச்சம் சரியாகப் போகாத கண், மூளையில் தன் இடத்தை இழக்கிறது. அதனால்தான் பிறவிப் புரையை முதல் இரண்டு மாதங்களுக்குள் எடுப்பது நல்லது என்கிறார்கள். அதே வெள்ளை, கண்ணில் வளரும் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம் என்பது தாமதிக்காமல் இருக்க இன்னொரு காரணம். காலம் கடந்துவிட்டதே என்று கைவிடவும் வேண்டாம். மூளை ஆய்வாளர் பவன் சின்ஹா டெல்லியில் நடத்திவரும் பிரகாஷ் திட்டத்தில் எட்டு வயதுக்கு மேல் அறுவை செய்துகொண்ட பிள்ளைகளும் ஓரளவு பார்வை பெற்றிருக்கிறார்கள்.

யார் ஊசியைத் தவறவிட்டார்கள்?

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு 9 முதல் 12 மாதத்துக்குள் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு தவணை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள். என் கவலை அவர்களின் அக்காமார்களைப் பற்றியது. 2017 முகாம் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு நடந்தது. அப்போது அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்கள்தான் இன்று மேலூரிலும் திருமங்கலத்திலும் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள்.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் பெண்ணுக்கு ரூபெல்லா ஊசி போட்டதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். பார்க்காமலே ஊசி போட்டுக்கொண்டாலும் கெடுதல் இல்லை. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த ஊசியைப் போடக்கூடாது. அம்மை போட்டவர்கள் பக்கத்தில் போகாமல் இருந்து, பிரசவம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கும்போது போடுவதில் தடையில்லை.