உலை அணைந்தது, ஆட்டம் நிற்கவில்லை

எஃகு ஆலை வளர்த்த ரக்பி அணியை ஒரு ஜப்பானிய நகரமே தத்தெடுத்துக்கொண்டது.

1985 ஜனவரி 15. டோக்கியோ தேசிய மைதானத்தின் பார்வையாளர் வரிசைகளில் மீன்பிடிப் படகுகளின் வண்ணக் கொடிகள் பறந்தன. வலை நிறைந்து கரை திரும்பும்போது மீனவர்கள் ஏற்றும் கொடிகள் அவை. களத்தில், தோஷிஷா பல்கலைக்கழகத்தை 31-17 என்று வீழ்த்திய நிப்பான் ஸ்டீல் கமாய்ஷி அணி தொடர்ந்து ஏழாவது ஆண்டாக ஜப்பான் ரக்பி சாம்பியன் ஆனது. நட்சத்திர ஆட்டக்காரர் யூஜி மட்சுவோ அந்த வெற்றியோடு ஓய்வு பெற்றார்.

ஜப்பானில் ரக்பி நெடுங்காலம் கம்பெனிகளின் ஆட்டமாக இருந்தது. பகலில் வேலை, மாலையில் பயிற்சி. பெருநகர அணிகள் பல்கலைக்கழக நட்சத்திரங்களை அள்ளிக்கொண்டன. வடகிழக்குக் கரையில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கமாய்ஷியின் அணியிலோ, பள்ளிப் படிப்போடு ஆலைக்கு வந்த வட்டார இளைஞர்கள் பலர். மட்சுவோ போன்ற ஒருசில பட்டதாரிகளோடு சேர்ந்து அவர்கள்தான் கோப்பையை ஏழாண்டுகள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

ஆனால் அணி ஜெயிக்க ஜெயிக்க ஆலை இளைத்துக்கொண்டிருந்தது. மேற்கத்திய பாணி ஊதுலையில் இரும்புத் தாதுவை உருக்குவதில் ஜப்பான் முதன்முதலாக வெற்றி கண்ட வட்டாரம் இது, ஆண்டு 1857. கமாய்ஷியின் மக்கள்தொகை 1960களில் 90,000ஐத் தாண்டியது. 1989இல் ஊதுலைகள் நிரந்தரமாக அணைந்தன. எஃகுக் கம்பி தயாரிப்பு மட்டும் மிஞ்சியது. வேலை தேடி ஊரே காலியாகத் தொடங்கியது.

கம்பெனி கைவிட்டால் அணி கலையும் என்பதே பொது விதி. இந்தியக் கால்பந்தில் தேசிய லீக் பட்டம் வென்ற மஹிந்திரா யுனைடெட் 2010இலும் ஜேசிடி 2011இலும் காணாமல் போயின. கமாய்ஷி வேறு வழி கண்டது. 2001இல் அணி 'கமாய்ஷி சீவேவ்ஸ்' என்ற ஊர் கிளப்பாக மாறியது. நிப்பான் ஸ்டீலின் ஆதரவு தொடர்ந்தது. ஆனால் அணி ஆலைக்கு மட்டுமே சொந்தம் என்ற நிலை முடிந்தது.

அந்த உறவுக்குச் சோதனை 2011 மார்ச் 11இல் வந்தது. சுனாமியில் கமாய்ஷியில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். வீரர்கள் நிவாரண மூட்டைகளைச் சுமந்தார்கள். அணியிலிருந்த ஆஸ்திரேலியர் ஸ்காட் ஃபார்டியை வெளியேற்ற அவர் நாட்டுத் தூதரகம் முன்வந்தது. அவர் மறுத்துவிட்டு ஊர் மக்களோடு தங்கினார். 2015 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர் இவர்தான்.

உனோசுமாய் பகுதியில் கடலையொட்டி இருந்த இரண்டு பள்ளிகளை அலை விழுங்கியது. அங்கிருந்த மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடிப் பிழைத்திருந்தார்கள். அந்த இடத்திலேயே 2018இல் மைதானம் எழுந்தது. 2019 செப்டம்பர் 25இல் அங்கு நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் உருகுவே, ஃபிஜியை 30-27 என்று வென்றது. அக்டோபர் 13இல் நடக்கவிருந்த நமீபியா-கனடா ஆட்டம் புயலால் ரத்தானது. கனடா வீரர்கள் மண்வெட்டியோடு தெருவில் இறங்கிச் சேறு அள்ளினார்கள்.

சீவேவ்ஸ் இன்னும் பழைய சிகரத்தைத் தொடவில்லை. 2022இல் தொடங்கிய லீக் ஒன் போட்டியில் அதற்குக் கிடைத்தது இரண்டாம் பிரிவுதான். ஆனாலும் கமாய்ஷியின் ரசிகர்கள் அதே மீனவக் கொடிகளோடுதான் மைதானத்துக்கு வருகிறார்கள். கடலுக்குப் போனவர்கள் வெறும் வலையோடு திரும்பும் நாளும் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாததா?