மிஸிர் மாளிகையும் ஆகிஃபின் இறுதி நாட்களும்

எகிப்தைத் திருமறை ‘மிஸ்ர்’ எனக் குறிக்கிறது. அச்சொல்லே துருக்கி மொழியில் ‘மிஸிர்’ ஆயிற்று. இஸ்தான்புல் மாநகரின் இஸ்திக்லால் வீதியிலுள்ள ‘மிஸிர் அபார்த்மான்’, எகிப்திய அரச குடும்பத்தினரான அப்பாஸ் ஹலீம் பாஷாவுக்காக 1910ஆம் ஆண்டு எழுப்பப்பட்டதால் அப்பெயர் பெற்றது. அதனை வடிவமைத்தவர் ஆர்மீனியக் கட்டடக் கலைஞர் ஹொவ்ஸெப் அஸ்னாவூர்.

பாஷாவின் குளிர்கால உறைவிடமாயிருந்த அம்மாளிகை பின்னர் செல்வந்தர் வாழும் அடுக்ககமாயிற்று. பெயோக்லு பகுதி வணிக மையமாக, வசதி படைத்தோர் நிஷான்தாஷி போன்ற பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். அவர்தம் குடியிருப்புகள் காலப்போக்கில் அலுவலகங்களாகவும் கலைக்கூடங்களாகவும் உருமாறின.

எனினும், முஸ்லிம்கள் இக்கட்டடத்தை நினைவுகூர வேறொரு காரணம் உண்டு. 1921இல் ஏற்கப்பட்ட துருக்கிய நாட்டுப்பண்ணை இயற்றி, அதற்குரிய 500 லிரா பரிசை அறப்பணிக்கு ஈந்தவர் கவிஞர் மெஹ்மத் ஆகிஃப். பாஷாவின் ஆதரவில் எகிப்தில் பத்தாண்டுகள் வாழ்ந்த அவர், திருக்குர்ஆனைத் துருக்கியில் மொழிபெயர்த்தார். தொழுகையில் அரபு மூலத்துக்கு மாற்றாக அது ஓதப்படுமோ என அஞ்சி, வெளியிட மறுத்தார். நோயுற்று 1936இல் தாயகம் திரும்பிய அவர், அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று இக்கட்டடத்திலேயே வஃபாத்தானார். அரசு மரியாதை ஏதுமில்லை. பல்கலைக்கழக மாணவர்களே ஜனாஸாவைத் தோளில் சுமந்தனர்.

இன்று அங்கு அவருக்கு நினைவில்லம் உண்டு. பழங்கட்டடங்களைப் பேணுவோர் அவற்றின் முகப்பை மட்டுமன்றி, உள்ளே வாழ்ந்து மறைந்தோரின் வரலாற்றையும் பேணுதல் கடமையாகும்.